செட்டிநாடும் அதிவேக ரயிலும்

தூரத்தைக் கண்டு மலைப்பது செட்டிநாட்டு வழக்கமல்ல. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போனவர்களின் சீமை இது. கடல் கடந்து வந்த பர்மாத் தேக்குதான் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் மாளிகைத் தூண்களாக நிற்கிறது. இந்தச் சீமைக்கு 1930-இல் ரயில் வந்தது. இப்போது தேசமெங்கும் அதிவேக ரயிலைப் பற்றிய பேச்சு. அதில் நமக்கு என்ன பங்கு என்று காரைக்குடிக்காரர் கேட்பது நியாயந்தானே?

2020-ஆம் ஆண்டின் தேசிய ரயில் திட்டம் பெருநகரங்களை இணைக்கும் அதிவேகப் பாதைகளைப் பற்றிப் பேசுகிறது. சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மைசூருக்குப் போகும் பாதை அவற்றுள் ஒன்று. மும்பைக்கும் ஆமதாபாத்துக்கும் இடையே 508 கிலோமீட்டருக்குப் போடப்படும் பாதை, மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்துக்கானது. காரைக்குடியிலிருந்து சென்னை அதைவிடக் குறைந்த தூரத்தில்தான் இருக்கிறது. நமது பல்லவன் எக்ஸ்பிரஸோ விடியற்காலையில் புறப்பட்டு நண்பகல் வாக்கில்தான் சென்னையை எட்டுகிறது.

வேகம் எங்கே போகிறது என்று அறிய விரும்பும் நேயர்கள் காரைக்குடியிலிருந்து திருவாரூர் வரை ஒரு முறை பிரயாணம் செய்து பார்க்க வேண்டும். அழகான பிரயாணம். அறந்தாங்கி வரையில் செம்மண்ணும் கருவேலமும் கண்மாய்களும். பேராவூரணி தாண்டினால் தென்னந்தோப்புகள். திருத்துறைப்பூண்டியை நெருங்கும்போது கண்ணுக்கெட்டிய வரை வயல்வெளி.

இந்தப் பாதையை அகலப் பாதையாக மாற்றி, 2019 ஜூன் மாதத்தில் ரயில் விட்டார்கள். ஆனால் வழியிலுள்ள கேட்டுகளுக்குப் போதிய காவலாளர் இல்லை. ஆகவே காவலாளரும் ரயிலிலேயே வந்தார்கள்! கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். ஒருவர் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். ரயில் கேட்டைத் தாண்டி மறுபடியும் நிற்கும்; இன்னொருவர் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். சுமார் 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம் வரை ஆயிற்று. எஞ்சினுக்குச் சக்தி இல்லாமலா? இல்லை, கேட்டை மூட ஆள் இல்லாமல்!

ஜப்பானியர் 1964-இல் டோக்கியோவுக்கும் ஒஸாகாவுக்கும் இடையே விட்ட ரயிலின் இரகசியமும் இதற்குள்தான் இருக்கிறது. அது மணிக்கு 210 கிலோமீட்டர் ஓடியதை உலகம் வியந்தது. ஆனால் அந்தப் பாதையில் ஒரு கேட்டுக்கூடக் கிடையாது என்பதையும், எதிர்வண்டிக்காகக் காத்து நிற்காதபடி இரட்டைப் பாதை போட்டிருந்தார்கள் என்பதையும் எத்தனை பேர் கவனித்தார்கள்? தடையற்ற பாதை அமைந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று.

தேசிய ரயில் திட்டமும் கேட்டுகளை ஒழிக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆனால் முதலில் ஒழிக்க வேண்டியவையாக அது குறிப்பிடுவது டில்லி, மும்பை, சென்னை, கல்கத்தா ஆகிய பெருநகரங்களை இணைக்கும் பிரதான பாதைகளிலுள்ளவற்றைத்தான். திருச்சியிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்குச் செல்லும் பாதையில் இப்போது மின்சார எஞ்சின் ஓடுகிறது. ஆனால் பாதையோ ஒற்றைப் பாதைதான். மதுரைக்கு நேர் பாதை இன்னும் இல்லை. மானாமதுரையைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

இந்தத் தாமதத்தின் பாரம் யார்மேல் விழுகிறது? தினந்தோறும் ரயிலேறிப் படிக்க வரும் மாணவர்மேல். பட்டணத்து வைத்தியரைப் பார்க்கப் போகும் நோயாளிமேல். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, எட்டுக் கட்டு வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்மேல். ‘வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு திரும்பலாம்’ என்ற நிச்சயம் இருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்னும் அடிக்கடி வருவார்கள்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது 320 கிலோமீட்டர் வேகமல்ல. கேட்டுகளுக்குப் பதிலாகப் பாலம், எதிர்வண்டிக்கு இரண்டாவது பாதை, திருச்சியில் காத்திராமல் ஏறத்தக்க இணைப்பு வண்டி - இம்மூன்றும் போதும். மைசூருக்கு மின்னலாய்ப் பறக்கும் ரயிலும் வரட்டும். தேசத்துக்கு அது பெருமைதான். ஆனால் அறந்தாங்கியில் ஏறுகிற பிரஜையின் ஒரு மணி நேரமும், சென்னையில் ஏறுகிற பிரஜையின் ஒரு மணி நேரமும் ஒரே விலையுள்ளவை என்று எண்ணிப் போடும் திட்டத்தைத்தான் தேசியத் திட்டம் என்று சொல்லலாம்.