கறுப்பு ஆடி ஜெயிக்கும்

செல்போனில் செஸ் புதிர்களைப் பட்பட்டென்று போடுகிற நீ, பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஏன் தோற்கிறேன் என்று கேட்டாயே கண்ணா, அதே கேள்விக்காக செஸ் புரோகிராம் எழுதுகிறவர்களும் வருஷக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புரோகிராம் எவ்வளவு கெட்டி என்று பார்க்க அவர்களுக்குக் கைகொடுத்தவை, ஃப்ரெட் ரைன்ஃபெல்ட் மனிதர்களுக்காகத் தொகுத்த 'வின் அட் செஸ்' புத்தகத்தின் 300 நிலைகள். 1982-இல் இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் 24 நிலைகளில் இன்னொரு தேர்வு வைத்தார்கள். நிலைக்கு இரண்டு நிமிடம்.

அதன் முதல் நிலை எனக்கு மனப்பாடம். கறுப்பின் ராணி, அதன் பின்னால் மந்திரி, அதற்கும் பின்னால் யானை, மூன்றும் ஒரே வரிசையில். ராணி நேராகக் கடைசிக் கட்டம்வரை இறங்கி, வெள்ளை ராஜாவை ஒட்டி நின்று செக் வைக்கிறது. காவலுக்கு யாருமில்லை, வெட்டுவதைத் தவிர ராஜாவுக்கு வேறு வழியும் இல்லை. வெட்டியதும் மந்திரி விலகி ஒரு செக், அது விட்ட வழியில் யானை இன்னொரு செக். ராஜா எந்தப் பக்கம் ஒதுங்கினாலும், ராணி செத்த அதே கட்டத்தில் யானை இறங்கி மேட். அழகு!

ஆனால் அந்த 24-இல் பாதிதான் இந்த மாதிரி. மீதி 12-இல் ராணிப் பலியும் கிடையாது, மேட்டும் கிடையாது. சரியான சமயத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளி, எதிரியின் சிப்பாய் வரிசையை அசைக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்டுக்குத்தில் புலியாக இருந்த அந்தக் காலப் புரோகிராம்கள் இங்கேதான் திணறின.

செக்கையும் பலியையும் இன்னும் ஆழமாகத் துருவும்படி புரோகிராமைத் திருத்தினால் புதிர் மார்க் ஏறும். ஆட்டத்தில் அதுவே உதைக்கும். இல்லாத பொறியைத் தேடியே அதன் நேரம் கரைந்துவிடும். புதிரின் தலையில் 'கறுப்பு ஆடி ஜெயிக்கும்' என்று போட்டிருக்கிறதே, அதுவே பாதி விடை. ஆட்டத்தில் யாரும் அப்படி எழுதி ஒட்டுவதில்லை. நாளைக்கு நீ வேலைக்குப் போனாலும் சரி, கல்யாணம் பண்ணிக்கொண்டாலும் சரி, ஒட்ட மாட்டார்கள். முக்கால்வாசி நாள் ஜெயிப்பதற்கு ஒன்றுமே இருக்காது. இருப்பதைக் கெடுக்காமல் ஒரு நல்ல நகர்வு வைத்தால் போதும். அதற்குப் பொறுமை வேண்டும். புதிர் அதைக் கற்றுத்தராது.

விடைக்குறிப்பையும் கண்ணை மூடி நம்பாதே. ரைன்ஃபெல்டின் நிலைகள் சிலவற்றில் புத்தகத்தில் இல்லாத நகர்வும் ஜெயிக்கிறது என்று பின்னால் புரோகிராம்களே காட்டின. அதுவரை அந்த நகர்வை ஆடியவற்றுக்கு முட்டை மார்க், பாவம்!

இன்று ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமில் சின்ன மாற்றம் செய்தாலும், பழையதும் புதியதும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதுகின்றன. உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை அதற்குக் கொடுக்கிறார்கள். 2013-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு ஃபிஷ்டெஸ்ட் என்று பெயர். ஆட்டத்தில் தேறினால்தான் மாற்றம் உள்ளே போகும்.

புதிரே போடாதே என்று சொல்லவில்லை. சாயங்காலம் அந்த 24-ஐயும் கலைத்துப்போட்டு வைக்கிறேன். எதில் பலி, எதில் சிப்பாய் என்று மூச்சுவிட மாட்டேன். இரண்டே நிமிடம். கடிகாரம் என் கையில்.