நீ யார் என்று சொல்

புதிதாக வந்தவனை விடுதியில் எல்லாரும் முதலில் கேட்பது பெயர். ‘கிட்’ என்னும் கட்டளை வரி நிரலும் அப்படித்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய இந்நிரல், ஒரு கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை வரலாறாகக் காத்து வைக்கிறது. பெயரில்லாத வரலாறு ஏது? ஆகவே முதற்பதிவின்போதே நம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்டு நிற்கும்.

நாம் சொல்லும் விடை தங்கும் இடமே அமைவுக் கோப்பு. ‘கான்ஃபிக்’ என்று நாம் சுருக்கிச் சொல்வது இதைத்தான். பெயருக்கு முன் ஒரு புள்ளியுடன் நம் சொந்த அடைவில் அது இருக்கிறது. லினக்சில் புள்ளியில் தொடங்கும் பெயர்களைச் சாதாரணப் பட்டியல் காட்டாது. அதனால்தான் பலர் அதைக் கண்டதே இல்லை. திறந்து பார்த்தால் மாயம் ஒன்றும் இல்லை. சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு; அதன்கீழ் ‘இன்னது = இன்னது’ என்று சில வரிகள். அவ்வளவே.

இதில் மூன்று அடுக்குகள் உண்டு. கணினி முழுவதற்கும் ஒன்று; பயனர் ஒருவருக்கு ஒன்று; ஒரு களஞ்சியத்துக்கு மட்டும் ஒன்று. ஒன்றோடொன்று முரண்பட்டால், நமக்கு மிக அருகில் இருப்பதன் சொல்லே செல்லும். நாட்டு நடப்பில் காண அரிதான நீதி இது!

சென்ற ஆண்டு நம் மலருக்கு வந்த கட்டுரைகளைக் களஞ்சியத்தில் சேர்க்கும் பணி எனக்குக் கிடைத்தது. சில நண்பர்கள் கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தனர். நிலையைக் காட்டு என்றதும், தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எண்கள் வரிசையாக நின்றன. ‘அ’ என்ற ஓரெழுத்து 340, 256, 205 என்று மூன்று எண்களாகியிருந்தது. ‘அம்மா’வுக்குப் பதினைந்து எண்கள்! அருகிலிருந்த நண்பர், “கணினிக்குத் தமிழ் ஒத்துவராது, ஆங்கிலத்திலேயே பெயரை மாற்றிவிடு” என்றார். அவரும் தமிழரே.

கையேட்டைப் புரட்டினேன். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். அவற்றைக் கிட் ‘வழக்கமல்லாதவை’ எனக் கருதி, எட்டடி எண்களாக்கிக் காட்டுகிறது. கோப்பின் பெயர் உள்ளே பழுதின்றித்தான் இருந்தது. காட்டும் முறைதான் வேறு. ‘கோர்’ என்ற தலைப்பின்கீழ் ‘குவோட்பாத் = ஃபால்ஸ்’ என்று ஒரு வரி எழுதினேன். மறுகணம் அம்மா அம்மாவாகவே வந்தாள்.

நாம் ஒன்றும் சொல்லாதபோது நிரல் நடந்துகொள்ளும் விதம், எங்கோ இருந்த ஒருவர் செய்த ஊகம். அதில் பகையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அதைத் தீர்ப்பென்று எடுத்துக்கொண்டு மொழியை மாற்றிக்கொள்ளுவதுதான் கேடு. எத்தனை பெயர்கள் இப்படி ஓசையின்றி ஆங்கிலமாகியிருக்கும்!

ஒன்று கவனிக்க. களஞ்சியத்தை நகலெடுத்தால் கட்டுரைகள் உடன் வரும். அமைவுக் கோப்பு வராது. ஆதலால் அந்த ஒரு வரியை அவரவர் கணினியில் அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த மலருக்கு எழுதும் நண்பர்கள் கோப்பின் பெயரையும் தமிழிலேயே வைத்து அனுப்புக.