நாய்கள் நுழையாத கரை

கண்டங்களின் மேற்குக் கரையோரப் பாலைநிலங்கள், புவியியலை ஒரு பாடமாகக் கற்பவர்களுக்குப் பரீட்சைக்கு உகந்த தலைப்பாகும். உப அயன உயரமுக்கம், கரையோரக் குளிர் நீரோட்டம், மழையின்மை என்று காரணங்களை வரிசைப்படுத்தி, அற்றக்காமா, நமீப் என்று உதாரணங்களைச் சேர்த்தாற் புள்ளிகள் கிடைத்துவிடும். நானும் அவ்வாறு எழுதியவளே. மேற்கு அவுஸ்திரேலியாவையும் அதே பட்டியலிற் சேர்த்திருந்தேன். அங்கே கரையை ஒட்டித் தெற்கு நோக்கி ஓடும் லூவின் நீரோட்டம் வெப்ப நீரோட்டம் என்பதை அந்நாட்டுக்குச் சென்ற பின்னரே அறிந்துகொண்டேன். ஆயினும் இக்கட்டுரை நீரோட்டங்களைப் பற்றியதன்று. அந்தக் கரையோரமாக, பல்கலைக்கழக விடுமுறையொன்றில், மாமாவின் நடமாடும் வீட்டிலே இரண்டு நாய்களுடன் சென்று வந்ததைப் பற்றியது.

மாமா என் தாயாரின் தமையனார். பேர்த் நகருக்குக் குடிபெயர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஓய்வு பெற்றதும் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினார். சிறிய லொறியொன்றின் முதுகிலே அறையொன்றைக் கட்டிவைத்தாற்போன்ற வாகனம் அது. கட்டில், எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, நீர்த்தாங்கி, முழங்கை இடிபடும் அளவில் ஒரு கழிவறை யாவும் அதனுள் அடக்கம். ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் இத்தகைய வாகனங்களில் மாதக்கணக்காகக் கண்டத்தைச் சுற்றுவது அந்நாட்டு வழக்கம். அவர்களை நரைத்த நாடோடிகள் என்று வேடிக்கையாக அழைப்பர். மாமி அந்த அடுப்பிலே புட்டு அவித்தார். தேங்காய்ப்பூ மட்டும் பொதியில் அடைத்தது. "வீட்டைக் கையோட கொண்டு திரியிற வசதி எங்களுக்கு அப்ப இருந்திருக்க வேணும்" என்று மாமா புறப்பட்ட அன்றே சொன்னார். எல்லோரும் சிரித்தோம்.

நாய்கள் இரண்டும் விலங்குக் காப்பகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மக்ஸ் கறுப்பு, வயதானது. பெல்லா கபில நிறம், இளையது, ஓரிடத்தில் நில்லாதது. பெயர்கள் காப்பகத்தார் இட்டவை. மொழியோ மாமாவினுடையது. "இரு" என்றால் இருக்கும், "வா" என்றால் வரும். வழித்தங்கல்களில் எதிர்ப்பட்ட வெள்ளைக்காரச் சிறுவர்கள் ஆங்கிலத்தில் அழைத்தபோது அவை திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டானதை மறைப்பதற்கில்லை.

பேர்த்திலிருந்து வடக்கே ஜெரால்ட்டன் வரை ஏறத்தாழ 420 கிலோமீற்றர். அதுவரை கோதுமை வயல்களும் ஊர்களும் தென்படும். அதற்கப்பால் நிலம் வறண்டு தரவையாகிறது. எரிபொருள் நிலையத்துக்கும் எரிபொருள் நிலையத்துக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேலும் செல்ல வேண்டும். கைத்தொலைபேசி செயலற்றுப் போகும். இரண்டு மூன்று இழுவைப் பெட்டிகள் பூட்டிய லொறிகள் கடந்து செல்லும்போது எங்கள் வீடு ஒருமுறை ஆடி நிலைகொள்ளும். பொழுது சாய்ந்தால் கங்காருக்கள் வீதிக்கு வருமாதலால் மாலை நான்கு மணிக்கே வண்டியை ஒதுக்கிவிடுவார் மாமா.

இப்பயணத்தின் பாதையை வகுத்தவை நாய்களே என்பேன். அந்நாட்டின் தேசிய பூங்காக்களில் நாய்களுக்கு அனுமதியில்லை. கல்பாரியிலே மேர்ச்சிசன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து அந்தரத்தில் நீளும் நடைமேடைகள் 2020 இல் திறக்கப்பட்டன. அவற்றின் படத்தைப் புறப்படுமுன்னரே பல தடவை பார்த்து வைத்திருந்தேன். கல்பாரிக்குத் திரும்பும் சந்தியை மாமா வேகத்தைக் குறைக்காமலே கடந்தார். வாகனத்தினுள் நாய்களைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. வெயில் ஏறினால் உள்ளே வெந்துவிடும். "ஒருநாளைக்கு எங்கையாவது காசு குடுத்து விட்டிட்டுப் போகேலாதோ மாமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். கடல் கடந்து வந்த எனக்கு இரண்டு நாய்களுக்காக ஒரு பள்ளத்தாக்கு மறுக்கப்படுகிறதே என்று அன்று மாலை வரை முகத்தை நீட்டிக்கொண்டிருந்தேன்.

நாய்களுக்குத் தடைவிதிக்கப் பூங்காச் சட்டம் மட்டும் காரணமன்று. வீதியோரங்களிலும் ஆட்டுப் பண்ணைகளின் வாயில்களிலும் '1080' என்ற இலக்கம் பொறித்த எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. அது ஒரு நஞ்சின் பெயர். இறைச்சித் துண்டுகளில் ஏற்றி நரி, காட்டுப்பூனை, காட்டுநாய் ஆகியவற்றைக் கொல்ல நிலத்தில் இடுகிறார்கள். விமானத்திலிருந்தும் போடுகிறார்கள். உண்ட நாய்க்கு மாற்று மருந்து இல்லை. வலிப்புக் கண்டு சாகும். இந்நஞ்சின் வேதிப்பொருள் அம்மாநிலத்தின் தென்மேற்கிலே தானாக முளைக்கும் சில செடிகளிலும் உண்டு. அச்செடிகளோடு எண்ணற்ற தலைமுறைகளாக வாழ்ந்துவந்த சுதேச விலங்குகள் அதைத் தாங்கப் பழகிவிட்டன. அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நரிக்கும் பூனைக்கும் நாய்க்கும் அந்தப் பழக்கம் இல்லை. வந்தேறிகளைத் தெரிந்தெடுத்துக் கொல்லும் நஞ்சு என்று நான் சற்றுக் கோபத்துடன் சொன்னேன். மாமா உடன்படவில்லை. "நரி தின்னாத மிச்சம் கொஞ்சம்தான் இருக்கு. அதுகளுக்கும் இருக்க ஒரு இடம் வேணுமெல்லோ" என்றார். தம் நாய்களுக்கு மட்டும், கன்றுக்குக் கட்டும் வாய்க்கூடு போன்ற ஒன்றை வாங்கி வைத்திருந்தார். வெளியே இறக்கும்போதெல்லாம் மறவாமற் கட்டுவார்.

ஒருநாள் மறந்தார். கார்னார்வனுக்குத் தெற்கே, வீதியோரத் தங்குமிடமொன்றில், சூரியன் விழுந்து நிலம் சிவந்திருந்த நேரம். கங்காரு ஒன்று புதருக்குள் அசைந்ததைக் கண்டு பெல்லா கயிற்றை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடிவிட்டது. ஆம், என் கையிலிருந்துதான். மாமா மின்சூளை எடுத்துக்கொண்டு முட்புதர்களுக்குள் இறங்கினார். ஆளரவமற்ற அந்த வெளியிலே "பெல்லா, வா! வாடியம்மா!" என்ற தமிழ்க் குரல் வரவர நெடுந்தூரத்திற் கேட்டது. மாமி வண்டியின் விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு நின்றார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

ஒரு மணிநேரத்துக்குப் பின்பு அது தானாகவே வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. மாமா அதன் வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். எதைத் தின்றது, ஒன்றும் தின்னவில்லையா என்று அறிய வழியில்லை. நஞ்சு உண்டிருந்தால் அறிகுறி தெரியச் சில மணிநேரம் ஆகக்கூடும். அண்மையில் மிருக வைத்தியரும் இல்லை. ஆகவே அவர் படியில் அமர்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நானும் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பாலைநிலத்து ஆடி மாதக் குளிர் எலும்பைத் துளைத்தது. நள்ளிரவு கடந்தபின் மாமா பேசத் தொடங்கினார்.

கொக்குவிலில் எங்கள் அம்மம்மா வீட்டில் வீமன் என்றொரு நாய் இருந்ததை நான் அறிவேன். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது அதைப் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்ததாக அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். மாமா சொன்னது வேறு. பக்கத்து வீட்டில் எவரும் இருக்கவில்லை. அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தி, மழையிலே, அசைய இடமில்லாத கூட்டத்தினூடே தள்ளிக்கொண்டு போனார்கள். வீமன் பின்னாலே வந்தது. செம்மணி வரைக்கும் வந்தது. நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது கால்களுக்கிடையே மிதிபட்டுக் கத்தியது. சனம் ஏசியது. வீட்டுக்குத் திரும்பிப் போனாலாவது பிழைக்கும் என்று அவர் எண்ணினார். "போ எண்டு சொன்னன். போகேல்லை. கல்லெடுத்து எறிஞ்சன். முதற் கல்லுக்கும் போகேல்லை" என்றார். பிறகு பெல்லாவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். மறு வருடம் வீடு திரும்பியபோது அதனுடைய சாப்பாட்டுக் கோப்பை கிணற்றடியில் இருந்ததாம். நாயைக் கண்டவர் எவருமில்லை.

விடியும்வரை பெல்லாவுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆறு மணிக்கு எழுந்து பிஸ்கட் கேட்டது.

திரும்பும் வழியிற் சுறாக்குடாவுக்குப் போனோம். மல்கானா மக்கள் அதனைக் குத்தரகுடா என்பர். அப்பகுதிக்கு அவர்களுக்குள்ள சுதேச உரித்து 2018 இல் அங்கீகரிக்கப்பட்டது. 1616 இல் ஒல்லாந்த மாலுமியான டேர்க் ஹாட்டொக் தகரத் தட்டொன்றை அறைந்துவிட்டுப் போன தீவும் அங்கேயே உண்டு. 1991 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த இடம். டென்ஹம் என்னும் சிற்றூரில், சிப்பிகள் இறுகிய கல்லை வாளால் அறுத்துக் கட்டிய தேவாலயத்தைக் கண்டபோது எங்கள் முருகைக்கற் சுவர்கள் நினைவுக்கு வந்தன.

ஊருக்கு முன்பே, குடாநாட்டின் ஒடுங்கிய கழுத்திற் குறுக்காக ஒரு வேலி செல்கிறது. நரியும் பூனையும் அற்ற நிலத்திலே பில்பி போன்ற அருகிவரும் விலங்குகளை மீண்டும் வாழவைக்கும் முயற்சியாக 1995 இல் அமைத்தது. வீதி வேலியைக் கடக்கும் இடத்தில் அவற்றை விரட்டுவதற்கு நாய்க் குரைப்பை ஒலிக்கச் செய்யும் கருவியொன்றையும் வைத்தார்களாம். நாங்கள் கடந்தபோது அது குரைத்ததோ என்னவோ, எஞ்சின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. மக்ஸ் மட்டும் காதை நிமிர்த்தியது. 1995 என்ற ஆண்டைச் சொல்லும்போது மாமாவின் குரலில் மாற்றமேதும் இல்லை. எனக்குத்தான் அது வேறுவிதமாகக் கேட்டது.

மங்கி மையாவில் டொல்பின்கள் காலையிற் கரைக்கே வரும். அந்தக் கரையிலும் நாய்கள் கூடா. "பிள்ளை, நீ மாமியோட போய்ப் பார். நான் இவையோட இருக்கிறன்" என்றார் மாமா. 'இவை' என்பது இலக்கணப்படி அஃறிணைப் பன்மை. யாழ்ப்பாணப் பேச்சிலோ அது வீட்டு மனிதரைச் சுட்டும் மரியாதைச் சொல். தமிழை ஒரு பாடமாகப் பயின்றும் மாமா எப்பொருளிற் சொன்னார் என்று என்னாற் பிரித்தறிய முடியவில்லை.

நான் டொல்பின்களைக் கண்டேன். முழங்காலளவு நீரில் வந்து பக்கமாகச் சரிந்து ஒற்றைக் கண்ணால் மனிதரைப் பார்த்தன. அழகுதான். மறுநாட் காலை நான் நாய்களுடன் இருப்பதாக வற்புறுத்தி மாமாவை அனுப்பினேன். கயிறுகளை இரு கைகளிலும் சுற்றிக்கொண்டேன். அவர் போன திசையையே இரண்டும் பார்த்திருந்தன. நீட்டிய பிஸ்கட்டைத் தொடவில்லை. இருபது நிமிடம்கூட ஆகவில்லை, மணலிலே கால் புதைய மாமா விரைந்து வந்துகொண்டிருந்தார்.

"டொல்பின் வந்ததோ மாமா?"

"வந்திருக்கும்" என்றார், குனிந்து அவை நக்கக் கையைக் கொடுத்தபடி.

ஊர் திரும்பியதும் அம்மாவுக்குப் படங்களைக் காட்டினேன். டொல்பின்களை விரைவாகத் தள்ளிவிட்டு, மாமா நாய்களுடன் படியில் அமர்ந்திருக்கும் படத்தில் நின்றார். "இந்தக் கறுப்பன் வீமன் மாதிரி" என்றார். பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி நான் கேட்கவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.