ரெண்டரைக் கட்டை

ஆராதனைக் குழுக்களுக்குள் மூளும் மனக்கசப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது பினாங்கு ஜார்ஜ்டவுன் நண்பர் ஒருவர் சொன்னார்: "எங்க சபையில ரொம்ப நாள் ஆளுக்கொரு மூலையா நின்னாங்க. இப்பத்தான் ஒண்ணா வாசிக்கிறாங்க, வந்து பாருங்க." சபையின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். 1818-இல் கட்டி முடித்த புனித ஜார்ஜ் ஆலயத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சி. கீபோர்டு வாசிக்கும் தம்பி பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தார். டிரம்ஸ், பேஸ் கிட்டார், மூன்று பெண் குரல்கள். மைக், ஒயர் வேலையெல்லாம் நடந்துகொண்டிருக்க, என் கண் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெரியவரின் தபேலா மேலேயே இருந்தது.

தோலை இழுத்துக் கட்டிய வாருக்கு அடியில் எட்டு மரக்கட்டைகள். சின்னச் சுத்தியலால் கட்டையைக் கீழே தள்ளினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். மேலே தள்ளினால் இறங்கும். அதன் பிறகு விளிம்பைச் சுற்றி இடம் இடமாகத் தட்டி, எல்லா இடமும் ஒரே குரலில் பேசுகிறதா என்று காது வைத்துக் கேட்க வேண்டும். பினாங்கு ஈரத்தில் தொய்ந்த தோல், ஏர்கான் போட்ட மண்டபத்துக்குள் வந்தால் தானாகவே இறுகிக்கொள்ளும். அதனால் பெரியவர் எல்லோருக்கும் முன்னால் வந்து காத்திருக்கிறார்.

சண்டை இங்கேதான் தொடங்கியிருக்கிறது. பாடுகிறவருக்குத் தொண்டை சரியில்லை என்றால் ஞாயிறு காலையில் ஸ்கேலை மாற்றுவார்கள். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. தபேலாவுக்கு அந்த வசதி கிடையாது. பெரியவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பல ஆராதனைகளைக் கடத்தினார். பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். "அங்கிளுக்குப் புதுப் பாட்டு பிடிக்கல" என்று பேச்சு கிளம்பியது. கீர்த்தனைக்காரர்கள் ஒரு பக்கம், புதுப்பாட்டுக்காரர்கள் ஒரு பக்கம் என்று குழு பிரிந்தது.

"எந்தப் பாட்டா இருந்தா எனக்கென்ன? எத்தனை கட்டைச் சுருதின்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா போதும்," என்றார் பெரியவர் என்னிடம்.

குழுவை நடத்தும் பெண் அவர் வீட்டுக்கே போய் இதைக் கேட்டறிந்திருக்கிறார். இப்போது புதன்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துவிடுகிறது. பாட்டு, பக்கத்தில் ஸ்கேல், பாட்டை எடுப்பவர் பெயர். பாட்டை எடுப்பது முறைவைத்து மாறும். ஷிப்டில் இருப்பவரைக் கேட்காமல் நாள் குறிப்பதில்லை. இப்படிப்பட்ட சச்சரவுக்கு அன்பைப் பற்றிய பிரசங்கத்தைவிட இந்தப் பட்டியல் மேலானது என்று உறுதியாக நம்புகிறேன். முதலாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் தேவாலயப் பாடகர்கள் 288 பேர். பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்று பாராமல் அவர்களுக்கு முறை குறித்துச் சீட்டுப் போட்டார்கள். அந்தக் காலத்திலேயே இது தேவைப்பட்டிருக்கிறது.

பயிற்சி நடுவே அந்தப் பெண் தயங்கியபடி, "அங்கிள், ரெண்டாவது பாட்டு டி ஷார்ப்ல வச்சுக்கலாமா?" என்றார்.

"ரெண்டரையா? இது ரெண்டு கட்டையில நிக்குதும்மா. அஞ்சு கட்டைன்னா பஞ்சமமா ஒத்துப்போகும். அரைக் கட்டை ஏத்தணும்னா நேரம் குடு."

எல்லோரும் காத்திருந்தார்கள். கீபோர்டுத் தம்பி சுருதியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சுத்தியல் சுற்றி வந்தது. அரை நிமிடத்தில் முடிகிற வேலை அல்ல அது. ஆனாலும் ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை.

ஒரு விஷயம் என்னை வருத்தியது. புது ஸ்பீக்கர் வாங்கச் சபையில் பணம் இருக்கிறது. தபேலாவுக்குத் தோல் மாற்றும் செலவு மட்டும் பெரியவர் கைக்காசு. சம்பளமில்லாமல் வாசிப்பவரிடம் கருவிச் செலவையும் சுமத்துவது அநியாயம். சபைக் கணக்கில் அது முதலில் ஏற வேண்டும்.

கடைசியில் ஒரு பழைய கீர்த்தனை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து சபைகளில் வேரோடிய வடிவம். பாடுகிற பிள்ளைகளுக்கு முன்னால் வரிகள் ஆங்கில எழுத்தில் இருந்தன. பக்கத்தில் நின்ற அக்கா ழகரத்தைத் திருத்திக்கொண்டே வந்தார்.

"அப்ப நான் சும்மா உக்காரணுமா அங்கிள்?" என்றான் டிரம்ஸ் பையன்.

"சும்மா எதுக்குய்யா? குச்சிய வச்சிட்டு பிரஷ் எடு. பல்லவியில நான் போறேன், சரணத்துல நீ முன்னால போ."

வாசித்தார்கள். இரண்டாம் சரணத்தில் இருவரும் இடித்துக்கொண்டார்கள். மறுபடி பல்லவியிலிருந்து எடுத்தார்கள்.