பழைய மடிக்கணினியும் சிறு செலவும்

நாடி பாராது மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்று எவரும் சொல்லார். ஆயின், நம் வீட்டுப் பொருள்கள் பழுதுறுங்கால் நாமெல்லாரும் அத்தகைய வைத்தியராகிவிடுகின்றோம். எது மலிவாய்க் கிடைக்கின்றதோ அதுவே மருந்தென்று துணிகின்றோம். இப்பிழையினின்றும் யாம் மயிரிழையில் தப்பியவாற்றை இம்மலர் படிக்கும் நண்பர்கட்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

எம் மடிக்கணினி 2013ஆம் ஆண்டில் தமக்கையார் கல்லூரியிற் சேர்ந்தபொழுது, எந்தையார் அன்னையாரின் வளையல்களை அடகு வைத்து வாங்கியது. தமக்கையார் அதனைக்கொண்டே பட்டம் பெற்றார். பின்னர் அஃது எம் கைக்கு வந்தது. 4 ஜி.பி. ராமும், 500 ஜி.பி. கொள்ளும் ஹார்டு டிஸ்கும் உடையது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் மந்தம் பொறுக்கவொண்ணாததாயிற்று. பொத்தானை அழுத்திவிட்டு விடுதி உணவுக்கூடத்திற்குச் சென்று தேநீர் பருகி மீள்வோம். திரையில் வட்டம் அப்பொழுதும் சுழன்றுகொண்டிருக்கும். இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே எஞ்சியிருந்தன. கடன் பெற்றுப் புதியது வாங்கலாம் என்றார் தமக்கையார். எந்தையாரோ ஒன்றும் சொல்லாது 2,000 ரூபாய் அனுப்பினார். அத்தொகை எவ்வாறு சேர்ந்ததென்பதை அறிவோமாதலின், அதனை வீணாக்க அஞ்சினோம்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் கணினியைத் திறந்தும் பாராமல், "தம்பி, இன்னொரு 4 ஜி.பி. ராம் போட்டுவிடுங்கள், வண்டி பறக்கும். 900 ரூபாய்தான்" என்றார். பணத்தை எடுக்கக் கை நீட்டியும் விட்டோம். "பறக்காவிடின்?" என்று வினவ, "அப்புறம் எஸ்.எஸ்.டி. போட்டுப் பார்க்கலாம்" என்று விடை வந்தது. 'பார்க்கலாம்' என்னும் அச்சொல் எம்மைத் தடுத்தது. இரண்டையும் வாங்க எம்மிடம் பணமில்லை. வெறுங்கையோடு மீண்டோம்.

மறுநாள் கல்லூரிக் கணினிக் கூடத்தில் உதவியாளராயுள்ள அண்ணன் ஒருவரிடம் நிகழ்ந்தது கூறினோம். அவர் மருந்தைப் பற்றிப் பேசாது நாடியைப் பார்த்தார். கணினியைத் தொடங்கி, 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகையைத் திறந்தார். ஒவ்வோர் உறுப்பும் எத்துணை உழைக்கின்றதென்பதை அப்பலகை காட்டும். வேறொன்றும் திறவாத அந்நிலையில் ராம் பாதியே நிறைந்திருந்தது. செயலி ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றது. "ராம் போதாதபொழுது கணினி மிகுதியை டிஸ்கில் எழுதி எழுதி எடுக்கும், அப்பொழுதும் டிஸ்க் 100 காட்டும். ஆகையால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இங்கே ராமில் இடமிருக்கிறது, குற்றம் டிஸ்கினுடையதே" என்று அவர் விளக்கினார்.

அதன் காரணத்தைச் சிறு கணக்கொன்றால் அறியலாம். எம் ஹார்டு டிஸ்கின் தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வது. எனவே ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். வேண்டிய செய்தி முனையின்கீழ் வந்துசேரச் சராசரி அரைச் சுற்றுக் காத்தல் வேண்டும். முனை தான் இடம்பெயரும் நேரம் வேறு. இங்கொன்றும் அங்கொன்றுமாய்ச் சிதறிய சிறு கோப்புகளை விநாடிக்கு நூற்றின் அளவிலேயே அது படிக்கவல்லது. எஸ்.எஸ்.டி.யிலோ சுழலும் உறுப்பு யாதுமில்லை. விநாடிக்குப் பல்லாயிரம் படிக்கும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டிருந்தது. அன்று தொட்டுக் கொள்ளளவு பல இலட்சம் மடங்கு பெருகியும், தட்டு சுழன்று வரும் வரை காத்திருத்தல் மட்டும் ஒழிந்திலது.

ஜீன் அம்டால் என்னும் அறிஞர் 1967இல் உரைத்த கருத்தொன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. ஒருறுப்பை எத்துணை விரைவாக்கினும், மொத்த நேரத்தில் அவ்வுறுப்பு கொள்ளும் பங்கிற்கு மேல் ஆதாயம் கிட்டாது என்பதே அதன் சாரம். எம் கணினி எழ 250 விநாடி ஆயிற்று. அவற்றுள் 220 டிஸ்கிற்காகக் காத்திருத்தலே எனக் கொள்வோம். செயலியை இருமடங்கு விரைவாக்கினும் 15 விநாடியே மிஞ்சும். டிஸ்கை மாற்றினாலோ காத்திருத்தலிற் பெரும்பகுதி ஒழியும்.

இவ்வளவில் நின்றிருப்பின் இது வேகத்தின் கதையாகவே முடிந்திருக்கும். அண்ணன் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருளையும் ஓட்டினார். பழுதுற்றமையால் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை அதிற் சிவந்து தோன்றிற்று. படிக்கவியலாத இடத்தை டிஸ்க் மீண்டும் மீண்டும் முயன்று படித்ததும் மந்தத்திற்கு ஒரு காரணம். "முதலில் வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொள்" என்றார். அப்பொழுதுதான் எமக்குத் திடுக்கிட்டது. மறைந்த எம் பாட்டியார் பாடிய 14 தாலாட்டுகளைத் தமக்கையார் அதிற் பதிந்து வைத்திருந்தார்; வேறெங்கும் படி இல்லை. அன்றிரவே பென் டிரைவில் எடுத்தோம். 13 வந்தன; ஒன்று வரவேயில்லை.

பின்னர் 1,600 ரூபாய்க்கு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கினோம். பழைய டிஸ்கின் அதே அளவும் அதே இணைப்பும் உடைமையால் அது தடையின்றிப் பொருந்திற்று. பழையதில் இருந்தவற்றை அண்ணன் அப்படியே அதற்கு மாற்றிக் கொடுத்தார். 250 விநாடி 38 ஆயிற்று. ஆய்வேடும் உரிய நாளில் முடிந்தது. ஆயினும் எல்லாம் நலமாயிற்றென்று சொல்லோம். காணொளி தொகுக்குங்கால் பழைய செயலி இன்றும் திணறுகின்றது. மின்கலம் அரை மணியும் தாங்குவதில்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10இற்குரிய பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. எம் கணினியின் செயலி விண்டோஸ் 11இற்கு ஏற்றதன்று. ஆதலின் விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸிற்கு மாறினோம்.

நண்பர்காள்! அன்று 900 ரூபாய் மலிவென்று ராம் வாங்கியிருப்பின், பணமும் போயிருக்கும். பழுதுற்ற டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் நின்று, 14 பாடல்களும் போயிருக்கும். ஆதலின் மலிவு என்பது விலையைப் பற்றியதன்று, பொருந்துதலைப் பற்றியதேயாம். செலவிடுமுன், எங்கே காத்திருக்கின்றோம் என்பதைக் கால் மணிநேரம் அமர்ந்து பாருங்கள். அதற்குக் காசு வேண்டுவதில்லை. வேறிடத்திற் படியில்லாத பொருள் உங்கள் கணினியில் உண்டாயின், அதனை இன்றே படியெடுத்துக்கொள்ளுங்கள். வராத அந்தப் பதினான்காம் பாடலை எண்ணியே இதனை வற்புறுத்துகின்றோம்.