சாவி யார் கழுத்தில் இருந்தது?

போன மாதம் சென்னையில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தோம். ஒரு சனிக்கிழமை எனக்கும் இவருக்கும் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வெளியூரில். அன்று பார்த்து மகளுக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு, உடனே வரச் சொல்லி. பேத்தியை யார் பார்த்துக்கொள்வது?

"ஒன்பது வயசாச்சேடி. ரெண்டு மணி நேரம் தனியா இருக்க மாட்டாளா? இந்த வயசுல நீ தம்பியையே பார்த்துக்கிட்டவ" என்றேன்.

"அதனாலதாம்மா இவளை விட மாட்டேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். பேத்தியையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வரவேற்பில் பாதி நேரம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நான் 1976இல் திருச்சியில் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், டிரங்க் கால் புக் செய்துவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று விதம். காதில் ஹெட்போனோடு போர்டில் வயரை மாற்றி மாற்றிச் சொருகுவோம். ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த என் வீட்டில் போன் கிடையாது. அப்போது போனுக்கு எழுதிப்போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இவர் வங்கியில் கேஷியர். உறையூரில் வாடகை வீடு. 1982இல் மகள் பிறந்தாள், 1986இல் மகன். அப்போது எங்களுக்குப் பிரசவ விடுப்பு 90 நாள்தான். அது 135 நாளானது 1997இல், 180 நாளானது 2008இல். பிள்ளை வளர்ப்பு விடுப்பு என்று இரண்டு வருஷம் வரை தர ஆரம்பித்ததும் 2008இல்தான். அதற்குள் என் பிள்ளைகள் இரண்டு பேருமே வேலைக்குப் போய்விட்டார்கள்!

இவரைக் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் குழாயடியில் தண்ணீர் பிடிப்பார், காய் நறுக்குவார், மகளுக்குக் கோணல் மாணலாக ஜடையும் பின்னிவிடுவார். பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பாட்டி 1991இல் தன் மகனோடு இருக்கப் போய்விட்டார். அப்போதுதான் வீட்டுச் சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து மகள் கழுத்தில் மாட்டினோம். சாவி வெளியே தெரியாமல் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

எனக்கு மதியம் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் டூட்டி மாதத்தில் பாதி நாள் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, கதவைத் திறந்து, உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். மூடி வைத்த பாலை ஆற வைத்த மாதிரியே ஊற்றிக் கொடுப்பாள். அடுப்புப் பக்கம் போகக் கூடாது, யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. இவர் ஆறரை மணிக்கு வருவார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள், பள்ளியிலிருந்து வரும்போதே மகனுக்குக் காய்ச்சல். அன்றைக்கு இவருக்கு வங்கியில் கணக்கு நேராகவில்லை. எட்டரை வரை அங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீடு வந்தோம். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் தம்பி. அவன் நெற்றியில் ஈரத்துணி. இரண்டு பேருமே தூங்கியிருந்தார்கள். கதவைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த காட்சி அப்படியே கண்ணில் இருக்கிறது.

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அலுவலகத்தில், கல்யாண வீடுகளில், சம்பந்தி வீட்டில், 2016இல் எனக்குப் பணி நிறைவு விழா நடந்தபோது மேடையிலும். "என் பொண்ணு ஒன்பது வயசிலேயே அவ்வளவு சமத்து" என்று சொல்லிச் சிரிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் கூடவே நின்றிருக்கிறாள். அவள் சிரித்தாளா என்று நான் கவனித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு, பேத்தி தூங்கிய பிறகு நானாகத்தான் கேட்டேன், "ஏண்டி அப்படிச் சொன்னே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமாம்மா? தம்பி செத்துப்போயிடுவானோன்னு நினைச்சேன். மூக்குக்குக் கீழே விரலை வெச்சு வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். பக்கத்து வீட்டுல போய்ச் சொல்லலாம்னா, கதவைத் திறக்கக் கூடாதுன்னு நீ சொல்லியிருந்தே."

முப்பத்து நான்கு வருஷமாக இது எனக்குத் தெரியாது.

இவரிடம் சொன்னேன். வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்னைக்கு நூற்றுப்பத்து ரூபாய் குறைஞ்சுது" என்றார். வித்தியாசம் எவ்வளவு என்று இவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் என்பது எங்கள் இருவருக்குமே நினைவில்லை.

வேலைக்குப் போனதற்கு நான் வருத்தப்படவில்லை. என் சம்பளத்தில்தான் நாத்தனார் கல்யாணம் நடந்தது, சொந்த வீடு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் சாயங்காலம் மட்டும் துணைக்கு ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கலாம். தெருவில் கேட்டிருந்தால் கிடைத்திருப்பார்கள். அந்தப் பணத்தை வீட்டுக் கடனுக்கென்று மிச்சம் பிடித்தோம். இன்னொன்றும் தோன்றுகிறது. மூத்தது பையனாக இருந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்போம். தம்பியைக் கொடுத்திருக்க மாட்டோம்.

"வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கும்போது, "நாங்கள்லாம் சமாளிக்கலையா?" என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்கிறோம். எங்கள் வீட்டில் சமாளித்தவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாவது ஆளுக்குச் சம்பளமும் இல்லை, விடுப்பும் இல்லை. சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை.

"தப்புதாண்டி" என்றேன் அவளிடம்.

"தப்புன்னு நான் சொல்லலம்மா. உனக்கும் வேற வழி தெரியலை. ஆனா அந்தக் கதையைச் சிரிச்சுக்கிட்டே சொல்லாதே" என்றாள்.

இனிமேல் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை, நடந்தபடியே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இங்கே எழுதினேன்.