வீட்டுக்குள் ஒரு சமுத்திரம்

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் வருஷம் மீன் காட்சிச்சாலை ஒன்று திறந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அதை மூடிவிட்டார்கள். அலையோரத்தில் இருந்த அவர்களுக்கு உப்பு ஜலத்துக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரமான எங்கள் திருத்தணியிலோ சமுத்திரத்தை நாமே தயாரிக்க வேண்டியிருக்கிறது!

லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவையைக் கரைத்தேன். சமையல் உப்பு உதவாது. கால்ஷியம், மக்னீஷியம் முதலியவையும் வேண்டுமல்லவா? மூன்றாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். வாரம் முடிவதற்குள் இரண்டும் மாண்டன. என் பெண் அழவில்லை. "இதைத்தானே அப்பா, வகுப்பில் பாடம் சொல்கிறீர்கள்?" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிராது.

மீன் கழிக்கும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறப் பல வாரங்கள் பிடிக்கும். இதை அறியாதவனல்லன் நான்; காத்திருக்கத்தான் அறியவில்லை.

மறுமுறை, சிட்டிகை மீன் உணவை மட்டும் போட்டுவிட்டு, வெறும் தொட்டியை 42 நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்டை வீட்டார் சிரித்தார்கள். தணிகைமலைக்கு 365 படிகள். கடைசிப் படியில் முதலில் கால் வைக்க யாரால் முடியும்? தினமும் ஜலத்தைச் சோதித்தவள் என் பெண்தான். "அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், அப்பா!" என்று அவள் உத்தரவு கொடுத்த பிறகே மீன் வாங்கப் புறப்பட்டேன்.